இறுகிப்போன கியர் ஆயில் கூலர் பைப் நட்டைக் கழற்றுவது எப்படி?

நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் வண்டியின் வயதை மேலே பார்த்துச் சொல்லமாட்டார்கள், அடியில் குனிந்து பார்த்துத்தான் சொல்வார்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த மழை. இரண்டு மழைக்காலமும் வந்துபோகிற மாவட்டம் என்பதால் வண்டியின் அடிப்பாகம் முழுசாகக் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு குறைவு. அங்கே சேறு ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இதில் அதிகம் அடிவாங்குகிற ஒன்று, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஆயில் பைப்பின் நட்டு. ரேடியேட்டரை மாற்றினாலும், ஓட்டை விழுந்த பைப்பை மாற்றினாலும், கியர்பாக்ஸை இறக்கினாலும் அதைக் கழற்றியாக வேண்டும். முதல்முறையாக அந்த வேலையில் இறங்குபவருக்காக இதை எழுதுகிறேன்.

உங்கள் காரில் இது இருக்கிறதா?

கிளட்ச் மிதித்து ஓட்டும் காரில் கிடையாது. ஏஎம்டி, ஏஜிஎஸ் என்று பெயர் போட்டு வரும் சின்ன கார்களிலும் கிடையாது. அவற்றில் இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். உங்களுக்குப் பதிலாக ஒரு கருவி கிளட்சை அழுத்துகிறது, அவ்வளவே. டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக இன்ஜின் விசையைக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்கிலும், சில சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) கார்களிலும்தான் பெரும்பாலும் இந்த பைப் வரும். கன்வெர்ட்டருக்குள் ஆயில் சுழன்று சுழன்று சூடாகிறது. அந்த ஆயிலை ஒரு பைப் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, இன்னொரு பைப் திருப்பிக் கொண்டுவருகிறது. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளோ அடித் தொட்டிக்குள்ளோ ஆயிலுக்கென்று தனியாக ஒரு சின்ன கூலர் இருக்கும். சில கார்களில் கூலரை கியர்பாக்ஸின் மேலேயே பொருத்தியிருப்பார்கள். அங்கே ரேடியேட்டர் வரை போவது தண்ணீர் ஹோஸ் மட்டும்தான், ஆயில் பைப் இல்லை.

கையை வைக்குமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போகும் அலுமினிய பைப் ஏசியுடையது. அதற்குள் அழுத்தத்தில் வாயு இருக்கிறது, அதைத் தெரியாமல் திறந்தால் கையும் கண்ணும் போய்விடும். பவர் ஸ்டீயரிங் பைப்பையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. அதனால் கியர்பாக்ஸில் தொடங்கி, பைப்பை விரலால் தடவிக்கொண்டே ரேடியேட்டர் வரை போய்ப் பாருங்கள். ஒரு முனை கியர்பாக்ஸிலும் மறுமுனை ரேடியேட்டரிலும் முடிந்தால் அதுதான் நீங்கள் தேடும் பைப்.

எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது

வேலையைத் தொடங்குமுன் இதை முடிவு செய்துவிட வேண்டும். இறுகிய நட்டு வராமல் போவதால் பெரிய நஷ்டம் வராது. அதைக் கழற்றுகிற வேகத்தில் பக்கத்தில் இருப்பதை உடைப்பதில்தான் நஷ்டம். மூன்று பொருள்களை மனதில் வையுங்கள்: பைப், ரேடியேட்டர், கியர்பாக்ஸ். பைப் போனால் சின்னச் செலவு. ரேடியேட்டர் போனால் பெரிய செலவு. கியர்பாக்ஸ் போனால் பழைய காரின் விலையில் ஒரு பங்கே போய்விடும்.

ரேடியேட்டரில் நட்டு போய்ப் பூட்டும் இடத்தில் ஒரு அடாப்டர் இருக்கும். அது ரேடியேட்டருக்கு உள்ளே இருக்கும் கூலரோடு சேர்ந்தது. நட்டோடு சேர்ந்து அதுவும் திரும்பினால், உள்ளே சீல் கிழியலாம், கூலரே விரிசல் விடலாம். வெளியே ஒன்றும் தெரியாது. வண்டியை ஓட்டிய பிறகு கூலன்டும் கியர் ஆயிலும் உள்ளுக்குள் கலக்கும், தண்ணீர் டேங்கில் இளஞ்சிவப்பாகக் கலங்கலாக ஏதோ மிதக்கும். தண்ணீர் கலந்த ஆயிலில் கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகளில் உள்ள ஒட்டுப்பொருள் தளர்ந்துவிடும். பைப்பை மாற்றப் போனவர் கியர்பாக்ஸ் வேலை செய்யும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

ஆகவே, சந்தேகம் வந்தால் பைப்பைப் பலிகொடுங்கள். ரேடியேட்டரையே மாற்றப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது அடாப்டரைப் பற்றிக் கவலைப்படாமல் பைப்பைக் காப்பாற்றலாம்.

தேவையானவை

பிளேர் நட் ஸ்பேனர் ஒரு செட் வாங்குங்கள். ரிங் ஸ்பேனரின் வாயில் பைப் நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். துருப்பிடித்த மிருதுவான நட்டு அதில் மழுங்கிவிடும். பழைய ரிங் ஸ்பேனரை கிரைண்டரில் வெட்டிச் செய்வோரும் உண்டு. நல்ல இரும்பாக இருந்தால் ஓடும். மலிவு ஸ்பேனர் என்றால் அழுத்தம் கொடுத்ததும் வாய் விரிந்து, நட்டின் மூலையைத் தின்றுவிடும்.

அடாப்டரைப் பிடிக்க இரண்டாவது ஸ்பேனர் ஒன்று கட்டாயம் வேண்டும். அப்புறம் கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, சின்னச் சுத்தியல், வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் பிளையர்), ஹாக்ஸா பிளேடு, ஆயில் பிடிக்க ஒரு அளவுப் பாத்திரம், பைப்பின் வாயை அடைக்க ரப்பர் மூடிகள், கண்ணாடி. கண்ணாடி என்று நான் சொல்வது கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

துரு இளக்க நம்மூரில் டீசல் ஊற்றுவார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், ஒன்றும் இல்லையென்றால் தேங்காயெண்ணெயும் ஊற்றுவார்கள். டீசலும் மண்ணெண்ணெயும் மெல்லிசானவை, நேரம் கொடுத்தால் கொஞ்சம் உள்ளே இறங்கும். தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது. பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள், பெயின்ட் உரிந்துவிடும். அசிட்டோனும் கியர் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றுகிற வழக்கமும் இருக்கிறது. வேலை செய்யும். ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் ரப்பரையும் கெடுக்கும். புதியவருக்குக் கடையில் கிடைக்கும் துரு இளக்கும் ஸ்பிரேயே போதும்.

வண்டியைத் தூக்குவது

வண்டி முழுசாக ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த கையோடு திறந்தால் அந்த ஆயில் கையைப் பொசுக்கிவிடும். ராத்திரி நிறுத்தி, காலையில் தொடங்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் முற்றம் மணலாக இருக்கும். ஸ்டாண்டின் கால் மணலில் மெல்ல இறங்கும், ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் வண்டி சாயும். அகலமான தடிமனான பலகையை அடியில் போட்டு அதன்மேல் ஸ்டாண்டை வையுங்கள், முடிந்தால் சிமென்ட் தரையுள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். செங்கல்லை அடுக்கி வைக்கிற வேலையே வேண்டாம்.

ஊற வைப்பது

வேலையில் பாதி இதுதான். அவசரக்காரர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

முதலில் நட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் உப்பையும் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிடுங்கள். அப்புறம் கம்பி பிரஷால் நட்டின் ஆறு பக்கமும் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். துரு மூடிய நட்டில் ஸ்பேனர் முழுசாக உட்காராது, உட்காராத ஸ்பேனர் மழுங்கவைக்கும். வெளியே தெரியும் மரையையும் தேயுங்கள்.

ஸ்பிரேயை இரண்டு இடத்தில் அடிக்க வேண்டும். நட்டு அடாப்டருக்குள் நுழையும் விளிம்பு ஒன்று. அது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று நட்டின் பின்பக்கம், பைப் உள்ளே போகும் இடுக்கு. பலரும் இதை விட்டுவிடுவார்கள். மரை இளகினாலும், நட்டு பைப்போடு ஒட்டியிருந்தால் நட்டைத் திருப்பும்போது பைப்பும் சேர்ந்து ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பைப் குப்பைக்குத்தான்.

சாயங்காலம் ஒருமுறை, தூங்கப் போகுமுன் ஒருமுறை, காலையில் ஒருமுறை அடியுங்கள். இடையிடையே சின்னச் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவில் மெல்லிய கீறல்கள் விழும், எண்ணெய் அதன் வழியாக இறங்கும். ரேடியேட்டரின் தொட்டியிலோ அடாப்டரிலோ தட்டக் கூடாது. தொட்டி பெரும்பாலும் பிளாஸ்டிக், வயதானால் மொறுமொறுவென்று ஆகியிருக்கும்.

கழற்றுவது

பாத்திரத்தை அடியில் வையுங்கள். பிளேர் நட் ஸ்பேனரை நட்டில் முழுசாக உட்காரும்படி போடுங்கள். ஆடினால் அளவு தவறு, அடுத்த அளவைப் பாருங்கள். இரண்டாவது ஸ்பேனரை அடாப்டரில் போடுங்கள். இரண்டு கைப்பிடிகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, சின்ன இடைவெளியில் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே கையால் பிடித்து அழுத்தினால் நட்டு கழலும் திசையில் திரும்ப வேண்டும், அப்படி அமையுங்கள். இப்போது நீங்கள் கொடுக்கும் பலம் முழுவதும் ஸ்பேனர்களுக்கு இடையிலேயே தீர்ந்துவிடும், ரேடியேட்டருக்குப் போகாது.

திசை விஷயத்தில் படுத்துக்கொண்டு வேலை செய்யும் எவருக்கும் ஒரு நிமிஷம் குழப்பம் வரும். பைப் வரும் பக்கத்திலிருந்து நட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும்.

முதலில் கழற்றாதீர்கள், மிக லேசாக இறுக்குங்கள். துருவின் பிடி எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும், அதிகம் திருப்பக் கூடாது. அப்புறம் கழற்றும் பக்கம். தொடர்ந்து இழுப்பதைவிடச் சின்னதாக, சடக்கென்று ஒரு அழுத்தம் கொடுப்பது நல்லது. ஸ்பேனருக்கு நீளமான பைப் மாட்டி இழுக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். சக்கர நட்டுக்கு அது சரி. இவ்வளவு சின்ன நட்டில் எவ்வளவு பலம் போகிறது என்பதே கைக்குத் தெரியாமல் போய்விடும்.

அசைந்ததா? உடனே முழுசாகக் கழற்றிவிடாதீர்கள். கால் சுற்று கழற்றி, ஸ்பிரே அடித்து, திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். இப்படி முன்னும் பின்னும் கொண்டுபோனால் துருப்பொடி வெளியே வரும். ஒரே மூச்சில் கழற்றினால் அந்தப் பொடி மரையில் சிக்கி, பாதியில் பூட்டிக்கொள்ளும்.

நட்டு திரும்பும்போது கண் பைப்பின் மேல் இருக்கட்டும். பைப் அசைந்தால் உடனே நிறுத்துங்கள். நட்டின் பின்பக்கம் ஸ்பிரே அடித்து, பைப்பை ஒரு துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நட்டு தனியாகச் சுழலத் தொடங்கும்வரை பொறுமை.

சூடு கொடுக்கலாமா?

ரேடியேட்டர் பக்கம் கூடாது. பிளாஸ்டிக், ரப்பர் சீல், ஆயில், ஸ்பிரேயின் வாயு என்று தீப்பிடிக்கிறதெல்லாம் அங்கே இருக்கிறது.

கியர்பாக்ஸ் பக்கம் வேறு கதை. அங்கே அலுமினிய உடலில் இரும்பு இணைப்பு பூட்டியிருக்கும். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, மரையை இறுக்கும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். அதனால் இணைப்பைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்கினால் பிடி தளரும். காஸ் பிளேம் வேண்டாம். சூடாக்குமுன் முன்பு அடித்த ஸ்பிரேயை நன்றாகத் துடைத்து, காயவிடுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது, அதில் சில வகை சூட்டில் விஷவாயுவைத் தரும். கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு எண்ணெயை விட்டால், ஆறும்போது அது உள்ளே இழுக்கப்படும்.

நட்டு மழுங்கிவிட்டால்

வைஸ் கிரிப்பை எடுக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த பைப் எனக்குத் திரும்ப வேண்டுமா? வேண்டாம் என்றால் நட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஹாக்ஸா பிளேடால் பைப்பை அறுத்துவிடுங்கள். இனி வழியில் பைப் இல்லை. ஆறு மூலையுள்ள ஆழமான சாக்கெட்டை நட்டில் முழுசாக ஏற்றி, அடாப்டரை மற்ற ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு திருப்பினால், மணிக்கணக்கில் முரண்டு பிடித்த நட்டு பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்துவிடும். பன்னிரண்டு மூலை சாக்கெட் இங்கே உதவாது. மூலை அறவே இல்லாவிட்டால், அரத்தால் பக்கங்களை ராவி அடுத்த சின்ன அளவுக்குக் கொண்டுவரலாம். வைஸ் கிரிப் அதற்கப்புறம்தான்.

பைப் வேண்டும், நட்டு மழுங்கிவிட்டது என்றால் நிறுத்திவிட்டு ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோவதே என் யோசனை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகப் பக்கம் படகு இன்ஜின் வேலை செய்பவர்களையும் கேட்டுப் பார்க்கலாம். உப்பில் இறுகிய நட்டு அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு.

அறுத்த இடத்துக்குப் புதிய பைப்பே போடுவதுதான் முறை. ஹோஸ் வைத்து ஒட்டுப்போடுவதானால், ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கூலருக்கென்றே வரும் ஹோஸ் வேண்டும். எஸ்ஏஇ ஜே1532 என்று மேலே அச்சிட்டிருக்கும். பெட்ரோல் ஹோஸும் ரேடியேட்டர் ஹோஸும் அந்தச் சூட்டிலும் ஆயிலிலும் ஊறிப் பிதுங்கிவிடும். ஹோஸ் ஏறும் பைப் முனையில் ஒரு வரம்பு புடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் வழுக்கிக் கழன்று, ஓடும்போதே ஆயில் முழுவதும் ரோட்டில் போகும்.

நட்டே இல்லாத இணைப்புகள்

சில கார்களில் ரேடியேட்டர் பக்கம் ரப்பர் ஹோஸ்தான் இருக்கும். கிளாம்ப்பைத் தள்ளிவிட்டு, ஹோஸை இழுக்காமல் முதலில் முறுக்குங்கள். ஒட்டு விட்டதும் தானாக வரும். வரவில்லையென்றால் நீளவாக்கில் பிளேடால் கீறி உரியுங்கள், பிளேடு உள்ளேயுள்ள குழாயைத் தொடக் கூடாது.

கிளிப் போட்ட இணைப்பில் பிரச்சினை பெரும்பாலும் துரு அல்ல, மணல். காற்று அடித்து, பிரஷால் தேய்த்து, ஸ்பிரேயால் கழுவி மணலை எடுத்துவிடுங்கள். பைப்பை முதலில் உள்நோக்கித் தள்ளுங்கள், அப்போதுதான் கிளிப்பின் மேலுள்ள இறுக்கம் விடும். அப்புறம் கிளிப்பை எடுத்து, நேராக இழுங்கள். கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள், விலை அற்பம்.

திரும்ப மாட்டுவது

கழற்றியதும் இரண்டு வாயையும் மூடுங்கள். ஒரு மணல்துகள் உள்ளே போனாலும் கியர்பாக்ஸின் வால்வுக்கு ஆகாது. எவ்வளவு ஆயில் வந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், அதே அளவு, மேனுவலில் சொன்ன அதே வகை ஆயில்தான் திரும்பப் போக வேண்டும். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக எல்லாம் ஒன்றல்ல.

நட்டைக் கையாலேயே பல சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லையென்றால் மரை மாறி உட்கார்ந்திருக்கிறது, ஸ்பேனரைத் தொடாமல் கழற்றி மறுபடி வையுங்கள். பிளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அங்கே சீல் ஆவது மரை அல்ல, பைப்பின் விரிந்த வாயும் அதன் இருக்கையும்தான். டேப்பின் துணுக்கு உள்ளே போய் அடைக்கும். நட்டு இனிமேல் இறுகாமல் இருக்க ஆன்டி சீஸ் பசை தடவலாம், மரையில் மட்டும், கொஞ்சமாக, வாயில் படாமல். பசை இருந்தால் ஸ்பேனர் வழக்கத்தைவிட எளிதாகத் திரும்பும், அதிகம் இறுக்கிவிடாதீர்கள். நட்டுக்குப் பதில் பான்ஜோ போல்ட் (நடுவில் ஆயில் போக ஓட்டையுள்ள போல்ட்) என்றால் அதன் வாஷர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். இறுக்கும்போதும் இரண்டு ஸ்பேனர்தான்.

இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா கியருக்கும் மெதுவாகக் கொண்டுபோய், பார்க்கிங்குக்கு வந்து, இணைப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஆயில் மட்டத்தை மேனுவல் சொல்லும் சூட்டில் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் கியர்பாக்ஸின் பக்கத்திலோ அடியிலோ மட்டம் பார்க்கும் பிளக் இருக்கும், வண்டி சமமாக நிற்க வேண்டும். கொஞ்சதூரம் ஓட்டி வந்து மறுபடி துடைத்துப் பாருங்கள். அடுத்த சில நாள்கள் கூலன்ட் டேங்கைத் திறந்து, வண்டி ஆறியிருக்கும்போது மட்டும், நிறம் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். மாறியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுக்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, மழை முடிந்து தையில் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் இந்த நட்டுகளின் மேல் மெழுகுப்பூச்சு ஸ்பிரே அடித்துவிடுங்கள். சொத்தவிளைக் கடற்கரையில் போட்டோவுக்காக மணலில் காரை இறக்கியவர்கள் ஆடி வரை காத்திருக்க வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் கழுவுங்கள்.